இரவலாய் வந்த உடல்: திருமூலர் வரலாறும் உறுப்புத் தானமும்

மானிடப் பிறவி கிடைத்தற்கு அரியது என்பது சைவப் பெரியோர்கள் அனைவரும் ஒரே குரலில் சொல்லிச் சென்ற உண்மை. அரிதாகக் கிடைத்த அந்தப் பிறவியைப் பயனுள்ளதாக்கும் வழிகளாக இறைவழிபாட்டையும் தானத்தையும் அவர்கள் காட்டினார்கள். மாத்தளை மாவட்டத்துச் சைவ மக்கள் இவ்விரண்டிலும் என்றும் பின்னின்றவர்கள் அல்லர். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் மாசிமகப் பஞ்சரத பவனி தொடக்கம், இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ மலைத் தோட்டங்களில் உள்ள சிறிய மாரியம்மன் கோயில்களின் திருவிழா வரை, அன்னதானம் இல்லாத விழாவைக் காண்பது அரிது. கொழுந்து பறித்து வரும் அன்றாடச் சம்பளத்தில் ஒரு பங்கை அன்னதானப் பானைக்கு அளிக்கும் குடும்பங்களும் உண்டு.

சோறு கொடுப்பது தானம். ஆடை கொடுப்பது தானம். இரத்தம் கொடுப்பதும் தானமே என்று இக்காலத்தில் கோயில் மண்டபங்களிலேயே இரத்ததான முகாம்கள் நடைபெறுகின்றன. கொடுத்த இரத்தம் சில கிழமைகளில் மீண்டும் ஊறிவிடும். ஆனால் இதயம்? ஈரல்? கண்கள்? மரணத்தின் பின் இவற்றைப் பிறருக்குக் கொடுப்பது சைவநெறிக்கு ஏற்புடையதா? ஓர் உடலிலிருந்து பல உறுப்புகளை எடுத்துப் பலருக்குப் பொருத்துவது அந்த உடலுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாதா? உறுப்புக் குறைந்த உடலைத் தீயிலோ மண்ணிலோ இட்டால் அந்த ஆன்மாவின் கதி என்ன? படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் எழும் கேள்விகள் இவை. இவற்றை அறியாமை என்று தள்ளிவிடுவது முறையன்று. சைவ வரலாறுகளின் துணையோடு சிந்தித்துப் பார்ப்பதே முறை.

ஓர் உடல், பல உயிர்கள்

முதலில், நடப்பது என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இதயம், இரண்டு நுரையீரல்கள், ஈரல், இரண்டு சிறுநீரகங்கள், கணையம், சிறுகுடல் ஆகியவை ஓர் உடலிலிருந்து எடுத்துப் பொருத்தக்கூடிய பிரதான உறுப்புகள். கணக்கின்படி ஒருவரால் எட்டுப் பேர் வரை உயிர் பிழைக்கலாம். கண்ணின் முன்புறத்திலுள்ள தெளிவான படலம் இருவருக்குப் பார்வை தரும். தோல் தீக்காயம் பட்டவர்களுக்கு உதவும்.

ஆனால் எல்லா மரணத்திலும் இது இயலாது. வீட்டில் இறப்பவரின் இதயம் நின்று இரத்தோட்டம் அற்றுப்போனதும் உள்ளுறுப்புகள் விரைவாகப் பழுதடைந்துவிடும். வீதி விபத்தில் தலையில் அடிபட்டோ, மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியோடு இருக்கும்போது மூளை முற்றாக இறந்துவிட்டவர்களே பெரும்பாலும் பல உறுப்புகளைக் கொடுக்கக்கூடியவர்கள். குடும்பத்தவர் சம்மதித்த பின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடுவார்கள். உறுப்புகளின் இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குளிரூட்டிய திரவத்தைச் செலுத்தி, இதயத்தையும் நுரையீரல்களையும் முதலிலும், அடுத்து ஈரலையும் கணையத்தையும், கடைசியில் சிறுநீரகங்களையும் எடுப்பது வழமை. இதயம் ஏறத்தாழ 4 மணித்தியாலங்களுக்குள் அடுத்தவரின் மார்பில் துடிக்க வேண்டும். ஈரலுக்குச் சுமார் 12 மணித்தியாலங்கள். சிறுநீரகம் ஒரு நாளுக்கும் சற்று மேலாகத் தாங்கும். பின்னர் உடல், எந்தச் சத்திரசிகிச்சையின் பின்னும் செய்வது போலவே, ஒழுங்காகத் தைக்கப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்படும்.

இது எங்கோ தூரதேசத்துச் செய்தி அன்று. இலங்கையில் 1985இல் முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. 2017 ஜூலையில் நாட்டின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை நடந்த இடம் கண்டி அரச வைத்தியசாலை. மாத்தளை நகரிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர் தூரம். தேவையும் அருகிலேயே இருக்கிறது. காரணம் இன்னதென்று தெளிவாகக் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டும் பிரதேசங்களில் மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவும் ஒன்று. சிறுநீரகம் செயலிழந்தவர் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று பல மணிநேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். அவரது வயலும் வருமானமும் அவரோடு சேர்ந்து படுத்துவிடுகின்றன.

ஒரு மகனைக் கொடுத்த பெற்றோர்

தமிழ் மக்கள் நடுவே இந்தத் தானத்தைப் பற்றிய பேச்சை எழுப்பிய நிகழ்வு 2008 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் நடந்தது. திருக்கழுக்குன்றத்தில் வைத்தியர்களாகப் பணிபுரிந்த தம்பதியரின் மகன் ஹிதேந்திரன், வயது 15. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த காயமடைந்து சென்னையில் அனுமதிக்கப்பட்டார். மூளை இறந்துவிட்டது என்று தெரிந்ததும் பெற்றோர் இருவரும் மகனுடைய உறுப்புகளைத் தானம் செய்ய முன்வந்தனர். அவருடைய இதயம் 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இன்னொரு வைத்தியசாலையில் பொருத்தப்பட்டது. நெரிசல் மிக்க சென்னை வீதிகளைப் பொலிஸார் ஒழுங்குசெய்து கொடுக்க, இதயத்தைச் சுமந்த வாகனம் 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. ஈரலும் சிறுநீரகங்களும் கண்களும் வேறு பலருக்குப் போயின.

அந்த ஆண்டே இறந்தவரின் உறுப்புகளைப் பெற்று ஒழுங்காகப் பகிர்ந்தளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் ஆரம்பமாகியது. 2013இல் வெளியான 'சென்னையில் ஒரு நாள்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்நிகழ்வின் சாயல் தெரிந்திருக்கும். உறுப்புத் தானம் செய்து இறப்பவர்களின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடைபெறும் என 2023 செப்டெம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெற்றோர் வைத்தியர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்பதை அறிந்தவர்கள். அவர்களுக்கே அது தாங்கொணாத நேரமாயிருந்திருக்கும் எனில், தோட்டத்து லயத்திலிருந்தோ கிராமத்து வீட்டிலிருந்தோ அவசரமாக ஓடிவந்து, வைத்தியசாலை வாசலில் நிற்கும் ஒரு தாயின் நிலை எப்படியிருக்கும்? உறுப்புத் தானம் பற்றிய தர்ம விசாரணை அந்தத் தாயை மறந்துவிட்டுச் செய்யப்படக் கூடாது.

குறையுள்ள உடல் என்ற அச்சம்

கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறக்க நேரும் என்ற அச்சம் கிராமங்களில் இன்றும் உண்டு. சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும் இறைவன் ஆன்மாவுக்குக் கொடுத்தருளினான் என்பது சித்தாந்தக் கொள்கை. தனு என்பது இந்த உடல். ஆன்மா பக்குவப்படுவதற்காகத் தரப்பட்ட இரவல் பொருள் அது. பயன்பாடு முடிந்ததும் பருவுடல் இங்கேயே கிடக்கும். நுண்ணுடலோடும் வினையோடும் ஆன்மா புறப்பட்டுவிடும். அடுத்த உடல் வினைக்கு ஏற்ப அமையுமே தவிர, விட்டுப்போன உடலில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பார்த்து அமைவதில்லை. அப்படியாயின், தகனம் செய்யப்பட்டவர் யாவரும் உடலே இல்லாமல் அல்லவா பிறக்க வேண்டும்!

சைவ வரலாறும் இதையே காட்டுகிறது. காளத்தியில் கண்ணப்ப நாயனார் உயிரோடு இருக்கும்போதே தம் கண்ணைப் பெயர்த்து இறைவனுக்கு அப்பினார். அவரைக் குறையுடையவர் என்று எவரும் சொன்னதில்லை. அறுபத்துமூவர் வரிசையில் அவருக்கு நிறைவான இடம் உண்டு. ததீசி முனிவர் தம் எலும்பையே வச்சிராயுதத்துக்குக் கொடுத்தார். சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தான்.

சிபியின் பெயர் அயலிலுள்ள சிங்கள பௌத்த மக்களுக்கும் பழக்கமானது. அவர்களுடைய ஜாதகக் கதையில் சிவி மன்னன் பார்வையற்ற பிராமணன் ஒருவனுக்குத் தன் இரு கண்களையும் கொடுக்கிறான். ஒரே மன்னனின் பெயர்; ஒருவர் கதையில் தசை, மற்றவர் கதையில் கண். டொக்டர் ஹட்சன் சில்வா 1958இல் மருத்துவ மாணவராயிருந்த காலத்தில் கண்தானம் பற்றிப் பத்திரிகையில் எழுதி, 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை ஆரம்பித்தார். 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண்கள் அனுப்பப்பட்டன. அன்று தொட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாழும் மனிதர்கள் இலங்கையர் கொடுத்த கண்களால் உலகைக் கண்டிருக்கிறார்கள். சிறிய நாடொன்று இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்த மன்னனின் கதை மக்கள் மனத்தில் முன்னரே ஊறியிருந்தமைதான்.

கண்ணப்பர் கொடுத்தது கடவுளுக்கு அல்லவா, மனிதருக்குக் கொடுப்பதும் அதற்கு ஈடாகுமா என்று சிலர் கேட்கலாம். கோயிலில் வீற்றிருக்கும் இறைவனுக்குப் படைப்பது மக்களைச் சென்றடையாது போகலாம். மக்களுக்குக் கொடுப்பதோ இறைவனையும் சென்றடையும் என்ற கருத்தைத் திருமந்திரம் சொல்லி நெடுங்காலமாகிறது. அன்னதானப் பந்தியின் தத்துவமும் அதுதான்.

சூடு ஆறாத உடல்

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் உடல் சூடாயிருக்கிறது. மார்பு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் நாடி துடிக்கிறது. இவரை இறந்தவர் என்று எப்படி ஒப்புக்கொள்வது? உயிரோடிருப்பவரை அறுக்கிறார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

மூச்சு விடுவது இயந்திரம், மூளை அன்று. ஒட்சிசன் கிடைக்கும்வரை சிறிது காலம் தானாகத் துடிக்கும் இயல்பு இதயத்துக்கு உண்டு. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, இருமல் வருகிறதா, இயந்திரத்தைச் சற்று நிறுத்தினால் தானாக மூச்செடுக்க முயல்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கிறார்கள். உறுப்பு மாற்றுக் குழுவில் சேராத வைத்தியர்களே இதை முடிவு செய்ய வேண்டும் என்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் ஒழுங்கு. நினைவிழந்து கிடப்பது வேறு, மூளைச்சாவு வேறு. முன்னையதிலிருந்து மீண்டவர்கள் உண்டு. பின்னையதிலிருந்து மீட்சி இல்லை. மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது தொடர்பான இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டமும் மூளையின் மீளாத செயலிழப்பை மரணமாக ஏற்கிறது.

ஆயினும் ஐயப்படுவோரை இகழ வேண்டியதில்லை. ஜப்பான் போன்ற முன்னேறிய நாடே இதில் நெடுங்காலம் தயங்கியது. 1968இல் அங்கு நடந்த முதல் இதயமாற்று பெருஞ் சர்ச்சையில் முடிந்தது. 1997இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னர்தான் அவ்வழி மீண்டும் திறந்தது. கண்ணுக்கு உயிருள்ளதாகத் தோன்றும் உடலைவிட்டு மனம் விலக மறுப்பது மனித இயல்பு. இந்த இயல்பை மிக ஆழமாகக் காட்டும் வரலாறு சைவத்தில் ஒன்று உண்டு. அது திருமூல நாயனார் வரலாறு.

சாத்தனூரில் நடந்தது

கயிலையிலிருந்து புறப்பட்ட சிவயோகியார் ஒருவர், பொதிகையில் அகத்தியரைக் காணும் விருப்போடு தென்திசை வந்தார். திருவாவடுதுறையை வணங்கிக் காவிரிக் கரையோரமாகச் செல்லும்போது, சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதையும் கண்டார். அந்த வாயில்லாச் சீவன்களின் துயரைப் பொறுக்கமாட்டாமல், தம் உடலை ஓரிடத்தில் மறைத்துவைத்துவிட்டு மூலன் உடலுட் புகுந்தார். மூலன் எழுந்தான். பசுக்கள் மகிழ்ந்தன. மாலையில் அவற்றை வீடுகளுக்கு ஓட்டிச் சென்றார்.

மூலனின் மனைவி வாசலில் காத்து நின்றாள். அதே முகம், அதே கைகால், அதே உயிர்ப்பு. அவள் அருகே வந்தபோது, உனக்கும் எனக்கும் உறவு இல்லை என்று சொல்லி அவர் ஒரு மடத்துக்குச் சென்று யோகத்தில் அமர்ந்தார். அவள் இரவெல்லாம் உறங்கவில்லை. மறுநாள் ஊரார் வந்து பார்த்து, இவர் உன் கணவரல்லர், யோகத்தில் நிலைத்தவர் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லி அழைத்துச் சென்றார்கள். திருமூலரோ தம் பழைய உடலைத் தேடிச் சென்றார். அது அங்கே இல்லை. இறைவன் திருவுளம் அது என உணர்ந்து, மூலனின் உடலோடேயே திருவாவடுதுறையில் அமர்ந்து மூவாயிரம் மந்திரங்களை அருளினார்.

சைவத் திருமுறைகளில் பத்தாவதாக வைத்துப் போற்றப்படும் நூல், இறந்த ஓர் இடையனின் உடலில் இருந்தவாறு பாடப்பட்டது. ஒருவர் விட்டுப்போன உடல் மற்றொருவருக்குப் பயன்படுவது பாவமாயின், அந்த நூலே பிறந்திருக்காது. உடல் சூடாயிருக்கலாம், அசையலாம், பேசவும் செய்யலாம். ஆயினும் அதற்குரியவன் அங்கே இல்லாமல் இருக்கலாம் என்பதையும் இந்த வரலாறு சொல்லாமல் சொல்கிறது.

ஆனால் இக்கதையை இத்துடன் முடித்துக்கொள்வது பாதிக் கதையைச் சொல்வதாகும். மறுபாதி மூலனின் மனைவியுடையது. பசுக்களின் துயர் நீங்கிய அதே மாலையில் அவளுடைய துயர் தொடங்கியது. காரணம், அவளிடம் எவரும் எதையும் சொல்லவில்லை. கணவன் இறந்தான் என்பதைக்கூட, அவன் முகத்தைக் கொண்ட ஒருவரின் வாயிலிருந்தே அவள் அறிய நேர்ந்தது. யோகியார் சித்தர்; இறைவன் திருவருளால் நடந்தவர். அவரைக் குறைசொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆயினும் சித்தர் செய்ததைச் சாதாரண மனிதரோ வைத்தியசாலையோ செய்ய முடியாது. அதனால்தான் சம்மதம் என்பது தேவையாகிறது. இறந்தவரின் உடல் எவ்வளவு பேருக்குப் பயன்படுவதாயினும், அவருடைய விருப்பமோ உரியவரின் இணக்கமோ இன்றி எடுப்பது தானமாகாது. எடுத்தல் வேறு, கொடுத்தல் வேறு.

மனைவியின் கதை இன்னொன்றையும் கற்பிக்கிறது. பெற்றவரிடம் உரிமை கொண்டாட முடியாது. மகனின் இதயம் துடிக்கும் மார்பில் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் எந்தத் தாய்க்கும் எழும். அதில் தவறில்லை. ஆயினும் அந்த மார்புக்குரியவர் மகன் அல்லர். அவர் தன் வினையோடும் தன் வாழ்வோடும் வந்த வேறோர் ஆன்மா. நன்றிக்கடனால் அவரைக் கட்டிவைக்காதிருப்பதும் தானத்தின் ஓர் அங்கமே. பல நாடுகளில் கொடுத்தவர், பெற்றவர் பெயர்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருப்பதன் நோக்கமும் இதுவே.

இது யாருடைய தானம்?

கண்ணப்பர் கொடுத்தபோது வலியும் அவருடையது, கொடையும் அவருடையது. சிபியின் தசையை அரிந்த வாளின் வேதனையைச் சிபியே தாங்கினான். மரணத்தின் பின் கொடுப்பவருக்கோ வலி இல்லை. அப்படியானால் இந்தக் கொடையின் வலி எங்கே போகிறது? அது வீட்டாரிடம் போகிறது. வாசலில் நிற்கும் தாய், மனைவி, அண்ணன் ஆகியோரிடம் போகிறது. சூடு ஆறாத கையைப் பிடித்திருக்கும்போதே ஒரு பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

1967 டிசெம்பர் 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் டொக்டர் கிறிஸ்டியன் பர்னாட் உலகின் முதலாவது மனித இதயமாற்றைச் செய்தபோதும் இதுவே நடந்தது. விபத்தில் இறந்த 25 வயது டெனிஸ் டார்வாலின் தந்தையிடம் வைத்தியர்கள் கேட்டார்கள். அதே விபத்தில் தன் மனைவியையும் இழந்திருந்த அந்த மனிதர் சில நிமிடங்கள் மௌனமாயிருந்துவிட்டுச் சம்மதித்தார். மகளின் இதயம் லூயிஸ் வஷ்கான்ஸ்கி என்பவருக்குச் சென்றது. அவர் 18 நாட்கள் வாழ்ந்தார். மகளின் சிறுநீரகம் ஒன்று 10 வயதுச் சிறுவனுக்குச் சென்றது. அந்தப் பெண் வெள்ளை இனத்தவர். சிறுவன் அவ்வினத்தவன் அல்லன். ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படிக்கவும் அந்நாட்டுச் சட்டம் அன்று அவர்களை அனுமதித்திருக்காது. சிறுநீரகமோ இரத்த வகையைப் பார்த்தது. தோலின் நிறத்தைப் பார்க்கவில்லை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மாத்தளை போன்ற மாவட்டத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வைத்தியசாலை வாட்டில் அடுத்த கட்டிலில் கிடப்பவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று சிறுநீரகம் கேட்காது.

அந்தத் தந்தையின் மௌன நிமிடங்களில் எல்லாச் சுமையும் அவர்மேல் இருந்தது. மகளின் விருப்பத்தை அவர் ஊகிக்க வேண்டியிருந்தது. ஒருவர் உயிரோடு இருக்கும்போதே தன் விருப்பத்தை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தால் நிலைமை மாறும். அப்போது வீட்டார் முடிவெடுக்க வேண்டியதில்லை. இறந்தவரின் கடைசி விருப்பத்தை நிறைவேற்றினால் போதும். முடிவெடுத்தவர் ஆயுள் முழுதும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். விருப்பத்தை நிறைவேற்றியவருக்குக் கடமை முடித்த நிறைவு உண்டு. புண்ணியம் என்று ஒன்று இதில் இருக்குமாயின், முற்கூட்டியே சொல்லிவைத்தவருக்கும், துயரத்தின் நடுவே அதைக் காப்பாற்றியவருக்கும் அது உரியது.

விற்பனை ஆகாமல் இருக்க வேண்டும்

ஏழைகளின் இன்னோர் ஐயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். பணக்காரரைக் காப்பாற்ற ஏழையின் உடலைப் பயன்படுத்துவார்களோ என்பதே அது. இந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சென்னை வில்லிவாக்கத்தில் வறுமையால் சிறுநீரகத்தை விற்றவர்கள் பெருகியதால், அப்பகுதிக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பெயரே ஒரு காலத்தில் ஏற்பட்டது. இந்தியா 1994இல் உறுப்பு விற்பனையைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. சிறுநீரக வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டுகள் எழுந்ததை அடுத்து 2016 ஜனவரியில் இலங்கை அரசும் வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சைகளை இடைநிறுத்தியது.

விற்றவரின் சிறுநீரகம் அவருடைய வறுமையைத் தீர்த்ததாக வரலாறு இல்லை. கடன் மீண்டும் வந்தது. உடல் வலு திரும்பவில்லை. அன்னதானப் பந்தியில் உட்காருபவரிடம் பணம் வாங்கினால் அது சாப்பாட்டுக்கடை ஆகிவிடுவதைப் போல, உறுப்புக்கு விலை பேசிய கணமே தானம் என்ற சொல் அங்கிருந்து நீங்கிவிடுகிறது. இறந்தவரின் உறுப்புகள் அரச ஒழுங்கின் கீழ், இரத்த வகை, உடற்பொருத்தம், நோயின் தீவிரம், காத்திருப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பகிரப்பட வேண்டும். அந்த ஒழுங்கு வெளிப்படையாக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை கொடுப்பவர்களுக்கு உண்டு. நம்பிக்கை இருந்தால்தான் கொடை பெருகும். இறந்தவரின் கொடை பெருகினால் உயிரோடிருக்கும் ஏழையின் உடலைத் தேடி வியாபாரி வரவேண்டிய காரணமும் குறையும்.

கோயிலும் வீடும் செய்யக்கூடியவை

தானம் கட்டாயமாக்கப்படக் கூடாது. கொடுக்க மனம் வராத குடும்பத்தைக் கொடுமைக்காரர் என்று ஊர் பேசுவதும் தர்மம் அன்று. கேட்பதற்கு இடம் உண்டு; வற்புறுத்த இடம் இல்லை. பிள்ளையை முழுதாக அனுப்பிவைக்க வேண்டும் என்று அழும் தாயின் அன்பும் இறைவன் கொடுத்ததே.

ஆனால் அறியாமையாலும் வீண் பயத்தாலும் மறுப்பது வேறு. கிரியைகள் தடைப்படும் என்பது அத்தகைய பயங்களில் ஒன்று. உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலைக் குளிப்பாட்டலாம், புத்தாடை உடுத்தலாம், சுண்ணம் இடிக்கலாம், வாய்க்கரிசி இடலாம். முகம் விகாரப்படுவதில்லை. எட்டு, கருமாதி, அந்தியேட்டி யாவும் வழமைபோல் நடைபெறலாம். விபத்து மரணங்களில் பிரேத பரிசோதனை எப்படியும் நடைபெறுகிறது. அதன் பின்னும் குடும்பங்கள் முறைப்படி கிரியை செய்தே வருகின்றன. ஒரு சட்டத் தேவைக்காக உடல் திறக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்ளும் சமூகம், ஓர் உயிருக்காக அது திறக்கப்படுவதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

பல உறுப்புகளைக் கொடுக்கும் சந்தர்ப்பம் ஆயிரத்தில் ஒருவருக்கே வாய்க்கலாம். கண்தானம் அப்படியன்று. வீட்டில் இறந்தாலும், முதியவராயினும், மூக்குக்கண்ணாடி அணிந்தவராயினும் பெரும்பாலானோர் கண்களைக் கொடுக்கலாம். மரணம் நிகழ்ந்து சில மணித்தியாலங்களுக்குள் அறிவித்தால் போதும். திருவிழாக் காலத்தில் இரத்ததான முகாம் நடத்தும் ஆலய பரிபாலன சபைகள் அதன் அருகிலேயே கண்தானத்துக்கும் உறுப்புத் தானத்துக்கும் விளக்கம் தரும் ஒரு மேசையை வைக்கலாம். அறநெறி வகுப்புகளில் கண்ணப்பர் கதையையும் திருமூலர் கதையையும் சொல்லும் ஆசிரியர், அவற்றின் இக்காலப் பொருளையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வீட்டில் நடக்க வேண்டிய பேச்சு. சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று ஒதுக்கும் பழக்கம் பல குடும்பங்களில் உண்டு. நிலையாமையைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்த திருவள்ளுவரும், யாக்கையின் நிலையாமையைப் பாடிய திருமூலரும் அப்படி நினைக்கவில்லை. திருவிழா முடிந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் ஓர் இரவில், தாத்தா ஒரு வார்த்தை சொல்லலாம்: "எனக்கு ஏதும் ஆனால், கண்ணோ மற்றதோ யாருக்காவது உதவும் என்று டொக்டர் சொன்னால், குடுத்துவிடுங்கப்பா. அம்மாவைக் கேட்டுத் தயங்கி நிற்க வேண்டாம்." அந்த ஒரு வார்த்தை இருந்தால், மூலனின் மனைவியைப் போல ஒன்றும் அறியாமல் வாசலில் தவித்து நிற்கும் நிலை எந்த வீட்டுப் பெண்ணுக்கும் வராது.

இரவலாக வந்த உடலை எப்போது திருப்பிக் கொடுப்பது என்பது மனிதர் கையில் இல்லை. யாருக்குப் பயன்படும்படி விட்டுச்செல்வது என்பது மட்டும் ஓரளவு அவர்கள் கையில் உண்டு. அன்னை முத்துமாரியின் சந்நிதியில் நெய்விளக்கேற்றி நோய்நொடியில்லா வாழ்வை வேண்டும் அடியார்கள், நோயோடு போராடும் முகம் தெரியாத ஒருவருக்காகவும் ஒரு கணம் வேண்டிக்கொள்வார்களாக. அந்த வேண்டுதல் நிறைவேறும் வழி தங்கள் வீட்டிலிருந்தும் திறக்கலாம் என்பதை நினைவிற் கொள்வார்களாக.